அழுவதற்கும் ஒரு வழி உண்டு: புலம்பல் நூல் பற்றிய ஓர் ஆய்வுப் பாடம்

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுனாமி வந்துபோய் மூன்று கிழமைகள்கூட ஆகாத நிலையில், வடக்கே ஒரு கரையோரக் கிராமத்து மக்கள் தங்கியிருந்த பாடசாலை முகாமொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். பால்மா, பாய், உடுபுடவை எல்லாம் கொடுத்து முடிந்தபின் ஒரு சிறு ஆராதனை நடத்துவதென்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தோம். நன்றிப் பாடல்கள் அச்சிட்ட தாள்களும் கையிலிருந்தன. பாடத் தொடங்கினோம். எம்மோடு வந்தவர்கள் மட்டுமே பாடினார்கள். முன்வரிசையில் இருந்த நடுத்தர வயதுக் கடற்றொழிலாளி ஒருவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “பாட்டு வருகுதில்லை ஐயா. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகுது” என்றார். அவரைத் தேற்றுவதற்கு நாம் சொன்ன வார்த்தைகள் இன்று எமக்கு நினைவில் இல்லை. விசுவாசத்தைக் கைவிடக்கூடாது என்ற பொருளில் ஏதோ சொன்னோம். அவர் தலையை ஆட்டினார், ஆனால் மறுபடி எம்மைப் பார்க்கவில்லை.

அன்று நாம் செய்தது தவறு என்பதை உணர எமக்குச் சில காலம் சென்றது. எமது கிராமத்து ஆராதனைகளில் சாட்சி சொல்லும் வேளை ஒன்று உண்டு. நோய் சுகமானவர் எழுந்து சொல்வார், பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்ததைத் தாய் சொல்வாள். ஆனால் சுகமாகாதவர் எழுந்து சொல்வதற்கு ஒரு வேளை இல்லை. மகனைத் தொலைத்த தாய் பின்வரிசையில் அமர்ந்திருந்து, பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுகிறாள். துக்கத்தைக் கோவில் வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, எனினும் அப்படித்தான் அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பொறுப்பு எம்முடையது.

திருமறையோ அப்படிச் சொல்லவில்லை. 150 சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முறையீடும் புலம்பலுமாகவே அமைந்துள்ளன. 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. அதன் முதலிரு வசனங்களுக்குள் ‘இன்னும் எவ்வளவு காலம்’ என்ற கேள்வி நான்கு தடவை கடவுளிடம் கேட்கப்படுகின்றது. 88ஆம் சங்கீதம் இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகின்றது; கடைசியில் ஒரு நம்பிக்கை வசனத்தைச் சேர்த்துவிடுவோம் என்று எவரும் எண்ணவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, முழுவதும் அழுகையாகவே அமைந்த ஐந்து அதிகாரங்கள் கொண்ட ஒரு தனி நூல் உண்டு. அந்தப் புலம்பல் நூலையே இந்தப் பாடத்தில் நோக்குவோம். வாசகர்கள் திருமறையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. நாம் வசனங்களை இங்கே எடுத்தெழுதாமல் இடங்களை மட்டும் குறிப்பிடுகின்றோம்.

யாருடைய அழுகை?

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டான். முற்றுகை ஏறத்தாழ ஒன்றரை வருடம் நீடித்தது. நகருக்குள் உணவு தீர்ந்தது. கி.மு. 587 அல்லது 586இல் மதில் உடைந்தது, அடுத்த மாதத்திலேயே ஆலயம் தீக்கிரையானது. அரசனின் கண் முன்னாலேயே அவனுடைய மக்களைக் கொன்று, பின்னர் அவனுடைய கண்களையும் பிடுங்கி, விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். பிரதானிகளும் கைவினைஞர்களும் நாடு கடத்தப்பட்டனர்.

அபிவிருத்திப் பணியில் உள்ளோர் கவனிக்கவேண்டிய ஒரு சிறு குறிப்பு இராஜாக்களின் இரண்டாம் நூலின் கடைசி அதிகாரத்திலும் எரேமியா 39ஆம் அதிகாரத்திலும் இருக்கின்றது. நாட்டின் பரம ஏழைகளைப் படைத்தலைவன் கொண்டுபோகவில்லை. திராட்சைத் தோட்டக்காரராயும் உழவராயும் இருக்கும்படி அவர்களை விட்டுச் சென்றான். அதற்கு முன் காணி எதுவுமே இல்லாதிருந்தவர்கள் அவர்கள். எரிந்துபோன நகரத்துக்குப் பக்கத்தில், எசமானர் இல்லாத வயல்களில், அந்நியனின் ஆட்சியின் கீழ் மீண்டும் விதைக்கத் தொடங்கியவர்களும் அவர்களே. புலம்பல் பாடல்கள் பாபிலோனுக்குப் போனவர்களின் பாடல்கள் அல்ல, நாட்டிலே தங்கியிருந்தவர்களின் நடுவில் எழுந்தவை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது எமக்கும் அப்படித்தான் தோன்றுகின்றது. தண்ணீரின் விலையும் விறகின் விலையும் தெரிந்தவர்கள் பாடிய பாட்டு அது.

நூலை எழுதியவர் எரேமியா என்பது நெடுங்கால மரபு. யோசியா அரசனுக்காக எரேமியா புலம்பல் பாடினார் என்று நாளாகமத்தின் இரண்டாம் நூல் சொல்வதிலிருந்தும், கிரேக்க மொழிபெயர்ப்பு நூலின் தொடக்கத்தில் அவருடைய பெயரைச் சேர்த்ததிலிருந்தும் அந்த மரபு பலம் பெற்றது. எபிரேய நூலிலோ எவருடைய பெயரும் இல்லை. அது நல்லதே என்று நாம் நினைக்கின்றோம். பெயர் இல்லாத பாட்டை எந்த ஊராரும் தம்முடையதாக எடுத்துப் பாடலாம்.

எபிரேயத்தில் இந்நூலின் பெயர் ‘ஏக்கா’ என்பது. ‘எப்படி!’ என்று பொருள்படும் அச்சொல்லே முதலாம், இரண்டாம், நான்காம் அதிகாரங்களின் முதற்சொல். இப்படியும் ஆகிவிட்டதே என்று தலையில் கைவைக்கும் ஒருவரின் வாயிலிருந்து வரும் சொல். எமது ‘ஏக்கம்’ என்ற சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. உறவு ஒன்றும் கிடையாது. ஆயினும் ஒரு தடவை கேட்டால் பின்னர் மறக்கமாட்டோம்.

எழுத்து வரிசையில் ஓர் அழுகை

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் அந்த எழுத்து வரிசையிலே கட்டப்பட்டவை. முதலாம் வசனம் முதலெழுத்திலே தொடங்கும், இரண்டாம் வசனம் இரண்டாம் எழுத்திலே, இப்படியே 22 வரை. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்கள், ஆகவே 66. ஔவையாரின் ஆத்திசூடியைச் சிறுவயதில் மனனம் செய்த எமக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஆனால் ஆத்திசூடி அறிவுரை நூல். அழுகையை எதற்காக எழுத்து வரிசையில் கட்டவேண்டும்?

இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. மனனம் செய்ய இலகு என்பது ஒன்று. துன்பத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எதுவும் விடுபடாமல் சொல்லுவதற்காக என்பது மற்றொன்று. எமக்குப் பட்டதையும் சொல்லுகின்றோம். பெருந்துக்கத்திலுள்ளவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார், அல்லது சொல்லாமலே இருந்துவிடுவார். இரண்டிலும் துக்கம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றது. எழுத்து வரிசையோ அழுகிறவரை மெல்லக் கையைப் பிடித்து அடுத்த எழுத்துக்குக் கூட்டிக்கொண்டு போகின்றது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லி முடியாது என்று நினைக்கும்போது கடைசி எழுத்து வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் மூன்று அதிகாரங்களிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்று அடிகள். நான்காம் அதிகாரத்தில் இரண்டாகக் குறைகின்றது. ஐந்தாம் அதிகாரத்தில் வசனத்துக்கு ஓரடிதான். வசனங்கள் 22 இருக்கின்றன, ஆனால் எழுத்து வரிசை இல்லை. செத்த வீட்டில் இரவிரவாக அழுதவர்களின் குரல் விடியற்காலையில் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறுதல் சொல்ல ஆளில்லை

முதலாம் அதிகாரத்தில் எருசலேம் ஒரு பெண்ணாக வருகிறாள். முதலில் ஒருவர் அவளைப் பற்றிப் பிறத்தியார்போல நின்று சொல்லிக்கொண்டு போகின்றார். இடையிலே அவளே குறுக்கிட்டு, ஆண்டவரே, என்னைப் பாரும் என்கிறாள் (1:9, 1:11). அதன் பின்னர் பேச்சு அவளுடையதாகின்றது. எங்கள் கண்ணீரைப் பற்றிப் பிறர் பேசுவதற்கும் நாங்களே பேசுவதற்கும் உள்ள தூரத்தை அந்த ஓர் இடத்திலே காணலாம். தேற்றுவார் எவரும் இல்லை என்ற கருத்து இந்த ஒரே அதிகாரத்தில் ஐந்து தடவை வருகின்றது (1:2, 9, 16, 17, 21). முகாமில் அந்தக் கடற்றொழிலாளியைச் சுற்றி நாம் பத்துப் பேர் நின்றோம். அவருக்கும் தேற்றுவார் இருக்கவில்லை.

அவள் விதவையைப்போல் ஆனாள் என்கிறது முதலாம் வசனம். ஐந்தாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்திலும் தாய்மார் விதவைகளைப்போல் இருக்கின்றார்கள் என்று வருகின்றது. இரு இடங்களிலும் ‘போல்’ என்ற சொல் இருப்பதை நாம் பல வருடம் கவனியாமல் வாசித்துவிட்டோம். கவனிக்கச் செய்தவர் வன்னியிலே எமது படிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு பெண். 2009ஆம் ஆண்டிலிருந்து கணவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லாதவர். “போல் எண்டுதானே கிடக்கு. விதவை எண்டு சொல்லயில்லையே. எங்களுக்கும் அதுதான். பொட்டு வைக்கிறதா அழிக்கிறதா எண்டு தெரியாது” என்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்தபோது அவரும் சில நாட்கள் போயிருந்தார். உரையாசிரியர்கள் அந்தச் சொல்லுக்கு என்ன விளக்கம் தருவார்களோ, அவர் தந்த விளக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாம் அதிகாரம் கடுமையானது. இங்கே கடவுளே பகைவரைப்போல் வில்லை வளைத்தவராகச் சொல்லப்படுகின்றார். பிள்ளைகள் தெருக்களில் மயங்கி விழுந்து, தாயின் மடியில் கிடந்து தானியம் எங்கே என்று கேட்கின்றார்கள் (2:11-12). இதை வாசிக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. கடவுளைப் பற்றி இப்படியும் பேசலாமா என்று ஒரு பெரியவர் எம்மைக் கேட்டார். நாம் சொன்ன மறுமொழி இது: அவரைப் பற்றிப் பேசவில்லை, அவரிடம் பேசுகிறார்கள். வனாந்தரத்திலே இஸ்ரவேலர் முறுமுறுத்தது தங்களுக்குள்ளே, கூடாரத்துக்குள்ளே இருந்துகொண்டு. புலம்புகிறவர்கள் எழுந்து அவருடைய முகத்துக்கு முன்னே போகின்றார்கள். கோபத்தோடு போனாலும் போகின்றார்கள். பேச்சே இல்லாமற்போன வீட்டைக் காட்டிலும் சண்டை நடக்கும் வீட்டில் உறவு இன்னும் இருக்கின்றது என்பது ஊரறிந்த விடயம்.

அதே அதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் தீர்க்கதரிசிகள்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. குற்றத்தை வெளிப்படுத்தாமல், கேட்க இனிமையானவற்றைச் சொன்னார்கள் என்று. பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த வசனத்தைத் தமக்கே ஒரு தடவை வாசித்துக்கொள்வது நன்று. நாமும் வாசித்துக்கொண்டோம். 19ஆம் வசனத்தில்தான் உள்ளத்தைத் தண்ணீரைப்போல் ஊற்றும்படி அழைப்பு வருகிறது. எண்ணெயைப்போல் என்றோ பாலைப்போல் என்றோ சொல்லவில்லை. எண்ணெய்க் குடத்தில் ஊற்றியபின்னும் பசை ஒட்டிக்கொண்டிருக்கும், பாலின் மணம் பாத்திரத்தில் நிற்கும். தண்ணீர்க் குடம் கவிழ்த்தால் வெறுமையாகிவிடும், மறுபடி எதையும் நிரப்பலாம். எபிரேயக் கவிஞர் இவ்வளவும் எண்ணினாரோ தெரியாது. கிணற்றடியில் நாளும் குடம் கவிழ்க்கும் பெண்கள் இதை எண்ணிச் சொன்னார்கள்.

நடுவிலே வரும் நம்பிக்கை

மூன்றாம் அதிகாரத்தின் 22ஆம் 23ஆம் வசனங்கள் நாட்காட்டிகளிலும் சுவர் மட்டைகளிலும் அச்சிடப்பட்டு நம் வீடுகளில் தொங்குகின்றன. கடவுளின் இரக்கம் ஓயவில்லை, காலைதோறும் அது புதிதாகின்றது என்பதே அங்கு சொல்லப்படுவது. அழகான வசனங்கள்தான். ஆனால் நான்கு வசனங்களுக்கு முன்னால், 18ஆம் வசனத்தில், தன் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று அதே மனிதர் சொல்லியிருப்பதை எந்த நாட்காட்டியும் அச்சிடுவதில்லை. 18 இல்லாமல் 22 இல்லை. நம்பிக்கை போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்ன பின்னரே, 21இல், ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார். சூழ்நிலையில் எதுவும் மாறவில்லை. மதில் உடைந்தது உடைந்ததுதான். மாறியது அவருடைய நினைவு திரும்பிய திசை.

இதோடு நூல் முடிந்திருந்தால் நாமும் மகிழ்ச்சியோடு முடித்துவிடலாம். முடியவில்லை. 42ஆம் வசனத்திலிருந்து மறுபடியும் முறையீடு தொடங்குகின்றது. 44இல், ஜெபம் உள்ளே போகாதபடி கடவுள் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்கிறார். பின்னர் நான்காம் அதிகாரத்தில் பொன் மங்கிப்போகிறது, ஐந்தாம் அதிகாரத்தில் பசி தொடருகிறது. இந்த ஐந்து பாடல்களில் நம்பிக்கை கடைசியில் வந்து எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை. அது நட்டநடுவிலே இருக்கிறது, இரு பக்கமும் அழுகை. உள்ளம் புதிதாவது ஏணியில் ஏறுவது போன்றது என்று போதித்து வந்த எமக்கு இது ஒரு திருத்தமாக அமைந்தது. நேற்று நன்றாக ஜெபித்தவர் இன்று மறுபடி அழுகிறார் என்றால் அவர் பின்வாங்கிவிட்டார் என்று பொருளில்லை. மூன்றாம் அதிகாரத்தின் 42ஆம் வசனத்துக்கு வந்திருக்கிறார்.

நம்பிக்கை வசனங்களின் அருகிலேயே மூன்று வசனங்கள் (3:34-36) இருக்கின்றன, அவற்றைப் பலரும் தாண்டிப் போய்விடுகின்றனர். சிறைப்பட்டோரைக் காலின் கீழ் நசுக்குவதையும், ஒருவருடைய நியாயத்தைப் புரட்டுவதையும், வழக்கில் ஒருவருக்கு அநீதி செய்வதையும் ஆண்டவர் ஏற்பதில்லை என்பது அவற்றின் கருத்து. ஆத்மீகப் புதுப்பித்தல் வேறு, காணி வழக்கு வேறு என்று இந்த நூல் பிரிக்கவில்லை. ஆகவே புலம்பக் கற்றுக்கொண்டவர் பிரதேச செயலகத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார் என்று அஞ்சத் தேவையில்லை. எமது அனுபவத்தில், அழ இடம் கிடைத்தவர்களே கடிதத்தில் தெளிவாக எழுதினார்கள்.

40ஆம் வசனத்தில் ‘நான்’ என்பது ‘நாம்’ ஆகின்றது. நம் வழிகளைச் சோதித்து ஆராய்வோம் என்ற அழைப்பு அங்குதான் வருகிறது. அது 39 வசனங்கள் கழிந்த பின்னரே வருகிறது என்பதே முக்கியம். நாமோ பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். துன்பப்பட்டவர் வீட்டுத் திண்ணையில் ஏறியதும், ஏன் இது வந்தது என்று யோசித்துப் பாருங்கள் என்கிறோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெடுத்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது முறையிட்ட யோபுவின் மேல் அல்ல, அவருக்காக வழக்காடுவதாக நினைத்த அந்த நண்பர்கள் மேல் (யோபு 42:7). தன் பாவத்தைத் தான் ஆராய்வது ஒன்று. பிறருடைய துன்பத்துக்கு அவருடைய பாவத்தைக் காரணம் காட்டுவது வேறொன்று. பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இயேசுவும் அதை மறுத்தார்.

ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு பேச்சும் அருகருகே இருக்கின்றன. தந்தையர் செய்த பாவத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று 7ஆம் வசனம், நாங்களும் பாவம் செய்தோம் என்று 16ஆம் வசனம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் நூல் இரண்டையும் விட்டுவிடுகின்றது. முப்பது வருடப் போரைக் கண்ட சமூகத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிவு வேண்டும். நாம் இன்னும் அதற்கு வந்து சேரவில்லை.

அதிகாரத்தின் மற்றப் பகுதிகளைக் கிராமத்தவருக்கு விளக்கவேண்டியதே இல்லை. முதுசக் காணி அந்நியர் கையில் (5:2). குடிக்கிற தண்ணீருக்குப் பணம், எரிக்கிற விறகுக்கு விலை (5:4). வெளியே உணவு தேடப் போனால் உயிருக்கு ஆபத்து (5:9). விறகுச் சுமையில் தடுமாறும் சிறுவர்கள் (5:13). முதியோர் ஊர்வாசலில் கூடுவதில்லை, இளைஞரின் இசை இல்லை (5:14). ஓர் அபிவிருத்தித் திட்டத்துக்கு முன்னர் எடுக்கும் கணக்கெடுப்பு போன்றது இது. ஒரேயொரு வேறுபாடு, இது படிவத்தில் அல்ல, ஜெபத்தில் எழுதப்பட்டிருக்கின்றது.

நூலின் முடிவில் இரண்டு வசனங்கள். 21இல், எங்களை உம்மிடம் திருப்பும், அப்பொழுது திரும்புவோம், பண்டுபோல் எங்கள் நாட்களைப் புதிதாக்கும் என்ற மன்றாட்டு. திரும்புவதற்குக்கூடத் தமக்குப் பலமில்லை என்று அறிந்தவர்களின் மன்றாட்டு அது. 22இல், நீர் எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்ற ஐயம். அத்தோடு நூல் நின்றுவிடுகின்றது. ஐந்து அதிகாரங்களிலும் கடவுள் ஒரு தடவைகூட மறுமொழி பேசவில்லை. எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைவுகூரும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் மாலை, யூதர்கள் விளக்குகளைத் தணித்துத் தரையில் அமர்ந்து இந்நூலை வாசிக்கின்றார்கள். 22ஐ வாசித்தபின் 21ஐ மறுபடி வாசித்தே முடிப்பது அவர்களின் வழக்கம். ஐயத்தை அழிக்காமல், அதற்குப் பின்னும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போகின்றார்கள்.

ஒப்பாரி தெரிந்தவர்கள்

எரேமியா 9ஆம் அதிகாரத்தில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்களை அழைத்துவரும்படி ஆண்டவர் சொல்வதாக உள்ளது (9:17-20). தங்கள் மகள்மாருக்கும் அயலவளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கும்படியும் சொல்லப்படுகின்றது. எமது ஊர்களில் தோளில் கைபோட்டு வட்டமாயிருந்து ஒப்பாரி சொல்லும் வயோதிபப் பெண்கள் குறைந்து வருகின்றார்கள். அதை நாகரிகமற்றது என்று ஒதுக்கியதில் எமது சபைகளுக்கும் பங்குண்டு. கத்தோலிக்கக் கிராமங்களிலோ, ஒல்லாந்தர் காலத்தில் கோவாவிலிருந்து வந்து மறைந்து திரிந்து பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவதைக் கேட்டிருக்கின்றோம். அங்கே அழுகை ஆலயத்துக்குள்ளேயே இருந்தது. சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22ஆம் சங்கீதத்தின் முதற்சொற்களான ஒரு புலம்பல்தான் என்பதை அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

குழுவாகப் படிக்க விரும்புவோருக்கு நாம் செய்து பார்த்த முறையைச் சொல்லுகின்றோம். ஐந்து கிழமைகள், கிழமைக்கு ஓர் அதிகாரம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தரையில் பாய் விரித்து அமர்தல் நல்லது. அதிகாரத்தை இரண்டு தடவை வாசித்து, நடுவில் சற்று அமைதியாயிருக்க வேண்டும். எவரும் எவருக்கும் விளக்கம் சொல்லக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது என்ற ஒரு விதியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எமக்கு மிகக் கடினமாயிருந்தது அதுவே. போதகர்களுக்கு இன்னும் கடினம். யாரேனும் நிலைகுலைந்து அழுதால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிக்கலாம், எழுந்து போக விரும்பினால் விட்டுவிடவேண்டும். பழைய துன்பத்தைக் கிளறுவதால் நித்திரையின்றி வருந்துவோரை வைத்தியசாலையின் உளநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகத் தயங்கவேண்டாம்.

ஐந்தாம் கிழமையில் குழுவாக ஒரு புலம்பல் கட்டலாம். 22 எழுத்துகள் எமக்கில்லை, அகரம் தொடங்கி 12 உயிரெழுத்துகள் உண்டு. எழுத்துக்கு ஒரு வரி. வன்னிப் பெண்கள் குழுவில் அகரத்துக்கு ‘அடுப்பு’ வந்தது. இகரத்துக்கு இழந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல ஒருவர் தொடங்கி நிறுத்திவிட்டார், அப்படியே எழுதிக்கொண்டோம். ஈகாரத்துக்கு ஈடு வைத்த சங்கிலி, நுண்கடன் காசு கட்டுவதற்காக வைத்தது. உகரத்துக்குக் காணி உறுதி, அது பெட்டியோடு எரிந்துபோயிற்று. ஐகாரத்துக்கு எல்லாரும் ஒரே குரலில் ‘ஐயோ’ என்றார்கள், பிறகு சிரித்தார்கள். அன்று முதல் தடவையாகச் சிரித்தது அந்த இடத்தில்தான். ஔகாரத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. மருத்துவச்சியாயிருந்த ஒரு பாட்டி வெகுநேரம் யோசித்து ‘ஔடதம்’ என்றார். அதற்கு வரி என்ன என்று கேட்டோம். “சொல்லைத்தான் தந்தனான் பிள்ளை. வரியை ஆண்டவர் எழுதட்டும்” என்றார்.

ஏகாரத்துக்கும் ஒரு வரி இன்னும் இல்லை. கணவரைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பெண் தன்னிடம் அதை விடும்படி கேட்டார். கடைசியாகப் போயிருந்தபோது, யோசிக்கிறேன் என்றார். தாளில் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருக்கின்றோம்.